குரோம் குழாயில் இரண்டு மூக்கு

குழாய்கள் மாட்டிய சுவருக்கு முன்னால் தணிகாசலமும் அவர் மனைவி பூங்கோதையும் ஆளுக்கொரு ஓரமாக நின்றார்கள். புதுவீட்டுச் சமையலறைக் குழாய் என்ன நிறம் என்று காலையில் போட்ட சண்டையில் பேச்சு நின்றுபோயிருந்தது. நடுவில் மாட்டிக்கொண்டவன் கடையில் குழாய் விற்கும் நான்.

"கறுப்புதான் வேணும்னு அவகிட்ட சொல்லு தம்பி."

சொன்னேன்.

"எங்க போர் தண்ணி ஒரே உப்பு. கறுப்புல வெள்ளை வெள்ளையா திட்டு விழும்னு அவர்கிட்ட சொல்லுங்க தம்பி."

அதையும் சொன்னேன்.

"தினம் நானே தொடைக்கிறேன்னு சொல்லு."

"தின்ன தட்ட எடுக்காதவரு குழாய் தொடைப்பாராமா, கேளுங்க!"

இதை எப்படிக் கேட்பது? பளபளவென்ற குரோம் குழாய் ஒன்றை எடுத்து இருவருக்கும் நடுவில் நீட்டினேன். குனிந்து பார்த்தார்கள். அதன் வளைந்த கழுத்தில் இரண்டு முகங்கள் உருளைக்கிழங்கு மூக்கோடு வீங்கித் தெரிந்தன.

"ஐயோ, உங்க மூக்கப் பாருங்க!"

"உன்னுது மட்டும் என்னவாம்?"

அவர் நாக்கை நீட்டினார். அவளும் நீட்டினாள்.

"எதுக்குப் பில் போடட்டும்?" என்றேன்.

யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கை வலிக்க வலிக்கக் குழாயைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.