கேன்டீன் ஃபேன்

"சத்தம் வரக்கூடாதுப்பா. துளிகூட வரக்கூடாது. நாளைக்கு எங்க அத்தை வர்றதுக்குள்ள அந்த பாத்ரூம் ஃபேனைக் கழட்டிடுங்க."

முத்தமிழ் கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள். குழந்தை பிறந்து இந்த மூன்று மாதமாக அவள் பேச்சே அப்படித்தான். அறைக்குள் சேலைத் தூளியில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"கழட்டிட்டு அப்படியே விட்டுடலாமாம்மா?"

"ஜன்னல் இல்லாத பாத்ரூம்ப்பா. சத்தத்துக்கு ஒரு பேர் வச்சாங்க. நாத்தத்துக்கு இன்னொரு பேர் வைக்கவா?"

அப்பா குருநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த ஃபேன் அவருடைய வேலை. அவர் வேலை பார்த்த சிமெண்ட் ஆலையில் பழைய கேன்டீனை இடித்தபோது, இரும்பு ஃபேன் ஒன்றை எடைக்கு வாங்கி வந்து மாட்டியிருந்தார். வளைகாப்பு அன்று சம்பந்தியம்மா சம்பூர்ணம் தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார்.

"என்ன சம்பந்தி, வூட்டுக்குள்ளயே ரைஸ்மில் வச்சிருக்கீங்க? முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு மூட்டை நெல்லு ஏத்திட்டு வந்திருப்போம்ல!"

பெரம்பலூரிலிருந்து வேனில் வந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். குருநாதனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்கு அதே சம்பூர்ணம் மருமகளையும் பேரனையும் அழைத்துப்போக வருகிறார். சாயங்காலம்தான் கிளம்புவார்கள். அதுவரை உட்காரப்போவது, பாத்ரூமை ஒட்டிப் பையன் தூங்கும் இதே அறையில்.

சட்டையை மாட்டிக்கொண்டு அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் அமாவாசையின் எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனார்.

"கேன்டீன் ஃபேனுக்கு ஒருவழியா ரிட்டையர்மென்ட்டாண்ணே?"

"சிரிக்காதப்பா. மானம் போவுது. சத்தமே இல்லாத ஃபேன் ஒண்ணு குடு."

முதல் ஃபேனை ஓட்டிக் காட்டினார் அமாவாசை. குருநாதன் காதை ஒட்டி வைத்துக் கேட்டார். "கொசு கத்துற மாதிரி இருக்கு. வேணாம்."

இரண்டாவதில் பின்பக்கத்து மூடிகள் கடகடத்தன. அதுவும் வேண்டாம்.

மூன்றாவதற்கு முன்னால் வெகுநேரம் நின்றார். "எப்ப போடுவே?"

"போட்டு ரெண்டு நிமிசம் ஆச்சுண்ணே!"

அதையே கட்டச் சொன்னார். அமாவாசையும் ஏணி, டிரில்லிங் மெஷினோடு அவர் பின்னாலேயே கிளம்பி வந்தார்.

மெஷினைப் பார்த்ததும் முத்தமிழின் முகம் மாறியது. "இருங்க, இருங்க, இப்பப் போடாதீங்க!" என்றவள், பையனைத் தூளியிலிருந்து அள்ளித் தோளில் போட்டாள். "தெருக்கோடில பூங்காவனம் அக்கா வூட்டுல இருக்கேன். முடிஞ்சதும் போன் பண்ணுங்க."

சித்திரை வெயில். பச்சைக் குழந்தையின் தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு அவள் வேகமாகப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார் குருநாதன். எல்லாம் தன் கஞ்சத்தனத்தால் வந்தது.

"பொண்ணு ரொம்பக் கறாருதாண்ணே," என்றார் அமாவாசை. "வாசல்ல பெல்லை அமுக்கினேன், அடிக்கல. பாத்தா வயரையே பிடுங்கி வுட்ருக்கு!"

"குக்கரையும் பரண்ல ஏத்திட்டா. விசில் அடிக்குதாம். மூணு மாசமா பானையிலதான் சோறு வடிக்கிறோம். என்னப்பா பண்றது, புள்ளை தூங்கணுமே."

இரண்டு மணி நேர வேலை. பழைய ஓட்டை பெரியது. அதைப் பலகை வைத்து அடைத்து, நடுவில் அளவாக வெட்டி, சுவர் அதிராமல் இருக்க ரப்பர் ஷீட் கொடுத்து முடுக்கினார் அமாவாசை.

முத்தமிழ் திரும்பி வந்தாள். பையன் நல்ல தூக்கத்தில் இருந்தான். தூளியில் போட்டுவிட்டு வந்து நின்றாள்.

குருநாதன் சுவிட்சைப் போட்டார். ஒன்றுமே கேட்கவில்லை. அமாவாசை செய்தித்தாளில் ஒரு துண்டைக் கிழித்துக் காட்ட, அது சட்டென்று போய் ஃபேனில் ஒட்டிக்கொண்டது.

முத்தமிழ் சிரித்தாள். மகள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று குருநாதனுக்கு நினைவில்லை.

"மன்னிச்சிடும்மா," என்றார். "நாலு காசு மிச்சம் பண்றேன்னு அப்பா உன்னைத் தலைகுனிய வச்சுட்டேன்."

"விடுங்கப்பா. அதான் மாத்தியாச்சுல்ல."

அமாவாசை ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பினார். அதன் முனை நிலைப்படியில் இடித்தது. கை நழுவி, அலுமினிய ஏணி இரும்பு பீரோவின் மேல் விழுந்து, அங்கிருந்து டைல்ஸ் தரையில் மோதியது.

டமார்!

சமையலறையில் குருநாதனின் மனைவி அம்பிகா அலறினாள். தெருவில் நாய்கள் குரைத்தன.

"பாத்துப்பா! புள்ளை தூங்குது!" குருநாதன் பதறிப் போய்த் தூளியை விலக்கினார்.

பையன் விரலைச் சப்பியபடி தூங்கிக்கொண்டிருந்தான். இமைகூட அசையவில்லை.

குருநாதனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அட, இங்க வந்து பாரும்மா! இடி விழுந்தாலும் முழிக்க மாட்டான் போலிருக்கு! இவனுக்குப் போயா இத்தனை நாளும் பயந்து செத்தே?"

முத்தமிழ் தூளியின் பக்கம் வரவேயில்லை. அமாவாசை வெளியே போனதும் கதவைச் சாத்தினாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தைகிட்ட சொல்லிடாதீங்கப்பா," என்றாள். "சத்தம் கேட்டு அவன் முழிச்சுக்குவான்னு நான் ஒருநாளும் பயப்படல. எந்தச் சத்தத்துக்கும் முழிக்க மாட்டான்னுதான் பயந்தேன்."