பட்டன் தேயாத பெட்டி

ஒரு கேம் சென்டரில் மூன்று வீடியோ கேம் பெட்டிகள் இருந்தன. ஒருநாள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஓர் ஓட்டை கருகிப்போய், இரண்டு பிளக்குக்குத்தான் இடம் மிஞ்சியது. மூன்றில் எது சிறிசோ, அது கரண்டை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று முடிவானது.

"யார் பட்டன் ஜாஸ்தி தேஞ்சிருக்கோ அவங்கதான் பெரிசு" என்றது வாள்வீரன் ஆட்டம் ஓடும் பெட்டி. அதன் பட்டன்கள் வழவழவென்று தேய்ந்திருந்தன. கார் பந்தயப் பெட்டிக்கும் அப்படியே. மூலையில் நின்ற புள்ளிப் பெட்டிக்கு மட்டும் எல்லாம் புதுசு போலவே இருந்தன. ஒரு வெள்ளைப் புள்ளி பள்ளத்தைத் தாண்டும், அவ்வளவுதான் அதன் விளையாட்டு.

"செத்தா மறுபடி எழுந்திருக்கறதை முதல்ல செஞ்சது என் புள்ளிதான். அதைப் பார்த்துத்தானே நீங்க ரெண்டு பேரும் கத்துக்கிட்டீங்க?" என்றது புள்ளிப் பெட்டி.

"அது எந்தக் காலத்துக் கதை! இப்ப உன்னை யாரு தொடறாங்க?" என்று சிரித்தது வாள்வீரன் பெட்டி.

புள்ளிப் பெட்டி தன் பிளக்கை உருவிக்கொண்டது.

கடை திறந்ததும் கூட்டம் வாள்வீரன் பெட்டியைத்தான் மொய்த்தது. ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் வாள்வீரன் பள்ளத்தில் விழுந்தான். இன்னும் இரண்டு உயிர் மிச்சம் என்று திரை காட்டியது. அவன் எழவில்லை. பட்டனை எத்தனை முறை அழுத்தியும் அசையவில்லை. பள்ளத்தில் கிடந்தபடியே அவன் கண்ணைத் திறந்து, பெட்டிக்கு மட்டும் கேட்கிற குரலில், "எழுந்திருக்கறது எப்படின்னு மறந்துபோச்சு. யார்கிட்ட கேக்கறது?" என்றான்.

பெட்டி மெல்ல மூலைப் பக்கம் பார்த்தது. கரண்டே இல்லாத அந்தத் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்து எழுந்தது. மறுபடியும் விழுந்து எழுந்தது.