புது இலை விரியும் வரை

“வந்துடுச்சா?”

குழாயடியில் நின்று கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்த மனைவி, திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“வரலை” என்றான் கணவன்.

“நாலு மாசமா இதையேதான் சொல்றீங்க.”

“நானா அதை வர வேணாம்னு பிடிச்சு வெச்சிருக்கேன்? வந்தா முதல் ஆளா உன்கிட்டதான் சொல்லுவேன். போதுமா?”

வர வேண்டியது விருந்தாளி இல்லை, ஓர் இலை. கூடத்து ஜன்னலோரம் ஆள் உயரத்துக்கு நிற்கிற, பிடில் வாத்திய வடிவில் அகல இலை விடும் பிடில் செடியில் ஒரே ஒரு புது இலை விரிய வேண்டும். விரிந்த அன்றைக்கே அவள் செடியைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விடுவாள். ஒரேயடியாக.

மற்றதெல்லாம் பிரித்தாகிவிட்டது. மிக்ஸி அவளுக்கு, அதன் ஜார் இவனுக்கு. ஒன்றில்லாமல் இன்னொன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று கேட்ட வக்கீலை இருவரும் சேர்ந்தே முறைத்தார்கள். முதல் சண்டை எதற்காக என்று கேட்டால், இப்போது அந்த வக்கீலின் ஃபைலைத்தான் புரட்ட வேண்டும்.

செடியில்தான் சிக்கல். இடம் மாற்றினால் கோபித்துக்கொள்கிற ஜாதி அது. பெட்டிகளுக்கு இடம் பண்ண நாலடி நகர்த்தியதற்கே ஏழு இலைகளை உதிர்த்துவிட்டது. “இந்த நிலைமையில வண்டியில ஏத்தினா போய்ச் சேர்ந்துடும். புதுசா ஒரு இலை விரியட்டும், அப்புறம் கொண்டு போங்க” என்று நர்சரிக்காரர் சொல்லிவிட்டார்.

“அப்ப விட்டுட்டு வா அக்கா” என்றான் தம்பி.

“இவர்கிட்டயா? பல் தேய்க்கவே ஞாபகப்படுத்தணும். ரெண்டே நாள்ல செடி சுள்ளியாயிடும்.”

ஆக, நாலு மாதமாக இருவரும் பெட்டிகளுக்கு நடுவில் குடியிருந்தார்கள். டீ வடிகட்டிக்காக ஒட்டிய டேப்பைப் பிரிப்பதும், மறுபடி ஒட்டுவதுமாக ஒரு பெட்டி கந்தலாகிவிட்டது. கணவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்ததும் செடியிடம் போவான், பல் தேய்த்துவிட்டு ஒரு தரம், சட்டை மாட்டிக்கொண்டு ஒரு தரம்.

இன்றும் கிளை நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். இலை மொட்டு எதுவும் இல்லை. ஒரு நுனியில் மட்டும் விரலில் வெள்ளையாக ஏதோ பிசுபிசுத்தது. பனியனில் துடைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டான்.

வாசல் மணி அடித்தது. தம்பி நின்றிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால், மூக்கு நுனியில் கண்ணாடியோடு நர்சரிக்காரர்.

“மாமா, கீழே வேன் நிக்குது. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடணும். செடி பிழைக்கும்னா பிழைக்கட்டும், இல்லேன்னா இங்கேயே கிடக்கட்டும். எங்க அக்கா இன்னைக்குக் கிளம்புது.”

“நான் தடுக்கலையே” என்றான் கணவன்.

மனைவி ஈரக் கையோடு வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். “வேனை அதுக்குள்ள ஏன்டா கொண்டாந்தே?”

“அதுக்குள்ளயா? நாலு மாசம் ஆச்சு அக்கா!”

நர்சரிக்காரர் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஸ்டூல் மேல் ஏறி, நகை எடை போடுகிறவர் மாதிரி ஒவ்வொரு நுனியாகக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். கூடத்தில் மூன்று பேரும் மூச்சு விடவில்லை.

“செடிக்கு ஒரு குறையும் இல்லை” என்றார், இறங்கியபடி. “வீட்டுல இருக்கறவங்க நகம் வெட்டிக்கிட்டா போதும்.”

“என்னது?”

“மொட்டு வர வர யாரோ நகத்தால கிள்ளி எடுத்திருக்காங்க. பாருங்க, இதோ தழும்பு.”

தம்பி மெதுவாகத் திரும்பி மாமாவைப் பார்த்தான். மாமாவின் காது மடல் சிவந்துவிட்டிருந்தது.

“மாமா!”

“நான்தான்” என்றான் கணவன், தரையைப் பார்த்தபடி. “அது விரிஞ்சா இவ போயிடுவாளே.”

மனைவி ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“வாயைத் திறந்து ‘போகாதே’ன்னு சொல்றதுக்கு என்னங்க?” என்று தம்பி கத்தினான். “ஒரு பச்சைச் செடியைப் போய் அஞ்சாறு தடவை கிள்ளி...”

“ரெண்டு. ரெண்டே தடவைதான்.”

நர்சரிக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “ரெண்டா? தழும்பு அஞ்சு இருக்கே சார்.”

“சத்தியமா ரெண்டுதாங்க!”

“மாமா, திருட்டுலயும் பேரமா?”

“இதோ, இது இன்னைக்குக் காலையில கிள்ளினது. பால் இன்னும் காயக்கூட இல்லை” என்றார் நர்சரிக்காரர்.

“இன்னைக்கு நான் கிள்ளலை!” கணவன் கிட்டத்தட்ட அழுதுவிட்டான். “கடைசியா நான் கிள்ளி ஒரு மாசம் ஆச்சு!”

கீழே வேன்காரன் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தான். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கக் குனிந்தான்.

“பெட்டியைக் கீழ வைடா” என்றாள் அக்கா. “மீதி மூணும் நான்.”