சீப்புக்குச் சம்பளம்

"நாய்க்கு முடி சீவிவிடச் சம்பளமா? குடும்ப மானம் என்னடா ஆவது?" என்று மகனிடம் உறுமினேன்.

அவன் போலீஸ் மோப்பநாயைப் பழக்குபவன். வேலை முடிந்ததும் நாய் அவனோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

"வீட்டுல தினம் ஒரு மணி நேரம் சீவிவிடறேன்பா. அதுவும் வேலைதானே? சம்பளம் கேட்டு எழுதிப் போட்டுட்டேன்."

"நம்ம பரம்பரையிலேயே நாய் முடியைத் தொட்டவன் கிடையாதுடா!"

மறுநாளே இன்ஸ்பெக்டர் விசாரிக்க வந்துவிட்டார். நான் விறைப்பாக நின்றேன்.

"நெஜமாவே நீதான் சீவுறியாப்பா?"

"சத்தியமா சார்!" என்றான் மகன்.

இன்ஸ்பெக்டர் நாயின் சீப்பை எடுத்து அதன் மூக்கருகே நீட்டினார். "தேடு!"

நாய் முகர்ந்தது. மகனைத் தாண்டியது. மருமகளைத் தாண்டியது. நேராக என் காலடியில் வந்து உட்கார்ந்து, திருடனைப் பிடித்த மிடுக்கோடு இரண்டு முறை குரைத்தது.

"மாமா! கதவைச் சாத்திக்கிட்டுப் பேப்பர் படிக்கறேன்னு சொன்னது இதுக்குத்தானா?" என்றாள் மருமகள்.

"அப்போ சம்பளத்தை உங்க பேருக்குத்தான் எழுதணும் ஐயா," என்றார் இன்ஸ்பெக்டர்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"குடும்ப மானத்துக்காக ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஞாயித்துக்கிழமைக்கு இரட்டைச் சம்பளம் உண்டா?"