இம்மானுவேல் விதி

மைதானத்து ஓய்வறையில் இருந்தவர்கள் மூவர்: நடுவர் கோமதி, அமெரிக்கக் கால்பந்தில் பேர்போன தடுப்பாளர் இம்மானுவேல், அந்தக் காலத்தில் அவரிடம் அடிக்கடி மண்ணைக் கவ்விய தணிகாசலம்.

பந்தோடு ஓடுபவரின் கழுத்தை வளைத்துச் சாய்ப்பது இம்மானுவேலின் பாணி. அதனால்தான் அவர் பெயரிலேயே தடை வந்தது. இப்போது கழுத்தில் கை பட்டாலே, ஆட்டச் சட்டையில் தைத்த கருவி விசிலடிக்கும். பிடித்தவர் ஆயுளுக்கும் மைதானத்துக்குள் வர முடியாது. இம்மானுவேலுக்கோ வேறு போக்கிடம் இல்லை.

“நாளைக்கு மகன்கூட ஒரேயடியா நியூசிலாந்து போறேன்டா. பழைய மாதிரி ஒருதடவ பிடி” என்றார் தணிகாசலம்.

“என்னை வெளிய தள்ளிடுவாங்கடா, மூதேவி.”

“கிழவனுக்குப் பயம் வந்துடுச்சு!”

இம்மானுவேல் அவர் கழுத்தை வளைத்தார். தணிகாசலம் போட்டிருந்த ஆட்டச் சட்டை அலறியது. தணிகாசலம் திமிறவில்லை, அந்தக் கையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அவர்களாக விலகும்வரை கோமதி காத்திருந்தார். பிறகு இம்மானுவேலை மைதானத்துக்கு வெளியே அனுப்பி, வாசல் கதவைச் சாத்திப் பூட்டினார்.