யாரும் தொடாத ஃபைல்

“செட்டிங்ஸ் ஃபைல்ல மறுபடியும் எவனோ கை வெச்சிருக்கான். லெட்டரெல்லாம் தலைகீழா பிரிண்ட் ஆகுது!” மேலாளர் கத்தினார்.

“‘தொடாதீர்கள்’னு பேர் வெச்சேன் சார். அதுக்காகவே திறந்து நோண்டுறாங்க” என்றாள் கம்ப்யூட்டர் பிரிவுக்காரி.

“பாஸ்வேர்ட் போடுறதுதானே?”

“போட்டேன். கேட்டவங்களுக்கெல்லாம் நீங்கதான் சொல்லிட்டீங்க.”

மேலாளர் தொண்டையைச் செருமினார். “இன்னொரு தடவை கெட்டுச்சுன்னா, உங்க வேலை போயிடும்.”

மூன்று மாதம் ஓடியது. ஃபைலில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. மேலாளருக்கு வாயெல்லாம் பல்.

“சபாஷ்! குரங்குக் கையிலேர்ந்து பூமாலையைக் காப்பாத்திட்டீங்க. என்ன பூட்டு போட்டீங்க?”

“பூட்டே இல்ல சார். எல்லார் கண்ணெதிர்லயும்தான் இருக்கு. பேரை மட்டும் மாத்தினேன்.”

“என்ன பேரு?”

அவள் கொஞ்சம் தயங்கினாள். “நான் எழுதித் தந்து, நீங்க சரிபார்த்து அனுப்புவீங்களே, ‘மேலாளரின் மாதாந்திர அறிவுரை’. அந்தப் பேருதான்.”

“அதெப்படிம்மா? ‘படித்தேன், பயனடைந்தேன்’னு மாசாமாசம் எல்லாரும் கையெழுத்துப் போடுறாங்களே!”

“மூணு மாசமா இந்த ஃபைலுக்குத்தான் சார் போடுறாங்க. ‘சரிபார்த்தேன்’னு முதல் கையெழுத்து உங்களுது.”