குறுக்கே பேசக் கூடாது

"வலது முழங்காலுக்கு மருந்து தடவியாச்சா?" என்று கேட்டார் பெரிய டாக்டர்.

"தடவியாச்சு, டாக்டர்" என்றாள் புது நர்ஸ்.

ஆபரேஷன் செய்ய வேண்டியது இடது முழங்காலில். அது அவளுக்கும் தெரியும். 'அக்கா, நீங்க சொல்லுங்க' என்று மாஸ்க்குக்கு மேலே அவள் கண்கள் என்னைக் கெஞ்சின.

எப்படிச் சொல்வது? போன மாதம் இதே ஆபரேஷன் தியேட்டரில், ஊசி மருந்தின் அளவு சரிதானா என்று கேட்டுத் தொலைத்தேன்.

"நீ டாக்டரா, நான் டாக்டரா? இனிமே எவளாவது குறுக்கே பேசினா வீட்டுக்குப் போயிடலாம்" என்று எல்லார் முன்னாலும் கிழித்துத் தொங்கவிட்டார்.

அன்றிலிருந்து நர்ஸுகள் யாரும் இங்கே வாயைத் திறப்பதில்லை. கேட்டதை எடுத்துக் கொடுப்பதோடு சரி.

"கத்தி" என்று கையை நீட்டினார். புது நர்ஸ் எடுத்துக் கொடுத்தாள்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

"டாக்டர், அது நல்ல கால். வெட்ட வேண்டியது இடது."

கத்தி நின்றது.

"யாரது, குறுக்கே பேசறது?"

"நான்தான், டாக்டர். இடுப்புக்குக் கீழதான் மரத்துப் போயிருக்கு. நீங்க வெட்டப் போறது என் கால்."